27 நொடியில் ஒரு ரெம்பிராண்ட்

1885 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியத்துக்கு இரண்டு நண்பர்கள் போனார்கள். ஒருவர் அந்தோன் கெர்செமாக்கர்ஸ். ஐந்தோவன் ஊரில் தோல் பதனிடும் தொழில் செய்துகொண்டே ஓவியம் பழகியவர். மற்றவர் அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த 32 வயது வின்சென்ட் வான்கோ. மியூசியத்தின் புதுக் கட்டடம் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பார்க்க எவ்வளவோ இருந்தன. வான்கோ ரெம்பிராண்டின் ‘யூத மணப்பெண்’ ஓவியத்துக்கு முன்னால் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வரும்படி நண்பரை அனுப்பிவைத்தார். நண்பர் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் திரும்பியபோதும் ஆள் இடத்தைவிட்டு அசையவில்லை. கிளம்பலாமா என்று கேட்டதற்கு வான்கோ சொன்ன பதிலைக் கெர்செமாக்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். காய்ந்த ரொட்டித் துண்டு மட்டும் கொடுத்து இந்த ஓவியத்துக்கு எதிரே பதினான்கு நாள் உட்காரவிட்டால் போதும், ஆயுளில் பத்து வருஷத்தைக் கொடுத்துவிடலாம் என்றாராம்.

உணர்ச்சிவசப்பட்ட ஓர் இளைஞனின் மிகைப்பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வான்கோ ஓவியங்களைப் பார்த்தே வளர்ந்தவர். 16 வயதில் கூப்பில் என்ற ஓவிய வியாபார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஹேக், லண்டன், பாரிஸ் கிளைகளில் ஏழு ஆண்டுகள் இருந்தவர். நல்ல படம் எது, விற்கிற படம் எது என்று தெரிந்தவர். ரெம்பிராண்ட் அவருக்குப் புதியவரும் அல்ல. ஆம்ஸ்டர்டாமில் முன்பு படிக்க வந்திருந்த காலத்திலேயே பழைய மியூசியத்தில் அவருடைய ஓவியங்களைப் பார்த்திருக்கிறார். இந்தப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தை முடித்திருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் உருகமாட்டார்கள், உருகுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்ற எண்ணம் கலை உலகில் உண்டு. ஜேம்ஸ் எல்கின்ஸ் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர், ஓவியத்துக்கு முன்னால் அழுதவர்களின் கடிதங்களைத் திரட்டி 2001இல் ஒரு புத்தகமே எழுதினார். ஓவியத்தையே தொழிலாகக் கொண்ட அவருடைய சகாக்களில் பலருக்கு அழுத அனுபவமே இல்லை. அழுத சிலரும் பெயரை வெளியிட வேண்டாம் என்றார்கள். வான்கோவுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

இன்றைக்கு வருவோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று இரண்டு ஆய்வாளர்கள் கடிகாரம் வைத்து அளந்து 2001இல் வெளியிட்டார்கள். பெரும் ஓவியர்களின் புகழ்பெற்ற படைப்புகளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்புச் சீட்டைப் படிக்கும் நேரமும் இதில் அடக்கம். பல ஆண்டுகள் கழித்து சிகாகோவில் அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது கணக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரு சேர்க்கை மட்டும் உண்டு: சிலர் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

திருப்பதிக்குப் போய்வந்த யாருக்கும் இந்த நிலை புரியும். மணிக்கணக்கில் வரிசை, சன்னிதியில் ஒரு கணப்பொழுது, அதற்குள் ‘ஜருகண்டி, ஜருகண்டி’. பாரிஸ் லூவர் மியூசியத்தில் மோனாலிசா இருக்கும் அறை இதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அந்த நெரிசலைச் சமாளிக்க முடியாமல் மோனாலிசாவைத் தனி அறைக்கு, தனி வாசலுடன் மாற்றப்போவதாக 2025 ஜனவரியில் பிரான்ஸ் அதிபரே அறிவிக்க வேண்டிவந்தது. ஆனால் திருப்பதிக்குப் போகிறவர் அந்த ஒரு கணத்துக்காகப் பல நாள் மனதைத் தயார்செய்துகொண்டு போகிறார். ஐரோப்பாச் சுற்றுலாவில் பத்து நாளில் ஏழு நாடு பார்க்கிறவருக்கு அந்தத் தயாரிப்பும் கிடையாது. ஆம்ஸ்டர்டாமுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே நாளில் கால்வாய்ப் படகு, துலிப் தோட்டம், சீஸ் கடை எல்லாம் போக மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்தில் எண்பது அறைகள், எட்டாயிரம் பொருட்கள்.

‘பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை’ என்று திரும்பி வருகிறவர்களிடம் குற்றம் காண முடியாது. ஓவியம் மனதைத் தொடுவது ஏதோ நுண்ணுணர்வு வாய்ந்த சிலருக்கு மட்டும் கிடைக்கும் வரம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் தவறு. அதற்கு வேண்டியது முதலில் நேரம். அப்புறம் உட்கார ஓர் இடம். ரசனைப் பயிற்சியெல்லாம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

‘யூத மணப்பெண்’ அதற்கு நல்ல சாட்சி. ஏனென்றால் முதல் அரை நிமிடத்தில் அது பெரிதாக ஒன்றும் காட்டுவதில்லை. அகலம் 166 சென்டிமீட்டர், உயரம் 121. இருட்டான பழுப்புப் பின்னணியில் ஓர் ஆணும் பெண்ணும். ஆண் பொன்னிறத்தில் அகலமான கை வைத்த அங்கி போட்டிருக்கிறார். பெண்ணுக்குச் சிவப்பு உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்து. ஆணின் ஒரு கை அவளுடைய தோளைச் சுற்றியிருக்கிறது. மற்றக் கை அவள் மார்பின் மீது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கதை என்று எதுவும் நடக்கவில்லை. சீட்டைப் படித்தால் பைபிளின் ஈசாக்கும் ரெபெக்காவுமாக இருக்கலாம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அந்நிய நாட்டில் உயிருக்குப் பயந்து, மனைவியைத் தங்கை என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நெருங்கியிருந்த ஒரு நேரம். தகப்பன் தன் மகளுக்கு நகை பூட்டுகிறார் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு சேகரிப்பாளர் நினைத்துக்கொண்டதில் இருந்துதான் இப்போதைய பெயர் வந்தது. அந்த யோசனையை இன்று யாரும் ஏற்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் உட்கார்ந்து முகம் கொடுத்த தம்பதி யார் என்பதும் தெரியாது.

இரண்டாவது நிமிடத்தில் கண் கைகளுக்குப் போகிறது. மார்பின் மீது வைத்த அந்தக் கை பிடிக்கவில்லை, அழுத்தவில்லை, சும்மா பதிந்திருக்கிறது. அதன் மேல் அவளுடைய இடது கையின் விரல்நுனிகள் மட்டும் வந்து தொடுகின்றன. விலக்குவதற்காகவா, இருத்திக்கொள்வதற்காகவா என்றால் இரண்டாவதுதான்; ஆனால் அதை உறுதியாகச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இன்னொரு கை கீழே, வயிற்றுக்கு முன்னால். முகங்கள் ஏன் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்க ஆரம்பிக்கிறது. நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் தொட்டுக்கொள்ளும்போது பார்த்துக்கொள்வதில்லை. இருவர் முகத்திலும் ஏதோ ஒரு யோசனை. அது மகிழ்ச்சி என்று சொல்லலாம், கவலை என்றும் சொல்லலாம்.

பிறகு அந்தக் கைச்சட்டை. தூரத்தில் அது பொன் ஜரிகை; மடிப்பு மடிப்பாக ஒளி வழிகிறது. அனுமதிக்கும் அளவு நெருங்கிப் போனால் ஜரிகை காணாமல் போய்விடுகிறது. அங்கே இருப்பது காய்ந்து கட்டியான சாயம்: மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் கத்தியால் அப்பி, கீறி, சுரண்டி, மேலே மேலே ஏற்றப்பட்ட மேடு. மியூசியத்தின் விளக்கு அந்த மேடுகளின் விளிம்பில்தான் பட்டு மின்னுகிறது. அதாவது ஓவியர் ஒளியை வரையவில்லை. ஒளி வந்து உட்கார இடம் செய்துவைத்திருக்கிறார். இரண்டு அடி பின்னால் வந்தால் மறுபடி ஜரிகை. இப்படி முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்க்கிறவர்கள் அந்த அறையில் எப்போதும் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் அவர்களை விசித்திரமாகப் பார்த்தபடி கடந்து போவார்கள்.

ரெம்பிராண்டின் தடித்த பூச்சைப் பற்றி அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குள்ளேயே கதைகள் கிளம்பிவிட்டன. அவர் வரைந்த ஓர் உருவப்படத்தை மூக்கைப் பிடித்தே தூக்கிவிடலாம் என்று ஒரு கதை. பட்டறைக்கு வந்தவர்கள் படத்துக்கு மிக அருகில் போனால், சாய நெடி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அவர் பின்னால் இழுப்பாராம். கேலி போகட்டும், அந்தச் சாயம் மூன்றரை நூற்றாண்டாக வழியாமல் நிற்பது எப்படி என்பது ஆய்வாளர்களைக் குடைந்துகொண்டே இருந்தது. அவருடைய வேறு மூன்று ஓவியங்களில் இருந்து ஊசிமுனையளவு துணுக்குகளை எடுத்து பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள எக்ஸ்ரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஈய வெள்ளை, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றோடு பிளம்போநாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மமும் அதில் இருந்தது. எண்ணெயில் ஈய ஆக்சைடைக் கலந்து சாயத்தைப் பசைபோல் இறுக வைத்திருக்கிறார் என்பது அவர்களுடைய கணிப்பு. மாவு ஆலைக்காரரின் மகனுக்குக் குழைக்கும் பதம் தெரிந்திருந்தது.

வாழ்க்கைக் கதையைச் சொல்லாமல் ரெம்பிராண்டைப் பற்றி எழுதுவது சிரமம். ஆனால் அதில் ஒரு பொறியும் இருக்கிறது. 1606இல் லைடனில் பிறப்பு. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து முப்பது வயதுக்குள் பெயர், பணம், 1634இல் சாஸ்கியாவுடன் கல்யாணம். 1639இல் 13,000 கில்டருக்குப் பெரிய வீடு; முழுப் பணத்தையும் கடைசிவரை கட்டவில்லை. முதல் மூன்று குழந்தைகள் கைக்குழந்தையாகவே போயின. நான்காவது மகன் டைட்டஸ் பிறந்த மறு வருஷம், 1642இல், சாஸ்கியா இறந்தார், வயது 29. 1656இல் திவால். வீட்டிலிருந்த பொருட்களை அதிகாரிகள் 363 வரிசை எண்களில் பட்டியல் போட்டு ஏலத்துக்கு விட்டார்கள். கல்யாணம் செய்யாமல் அவரோடு வாழ்ந்த ஹெந்த்ரிக்கியேவைச் சபை மூப்பர்கள் 1654இல் அழைத்து விசாரித்துக் கண்டித்தார்கள். 1662இல் சாஸ்கியாவின் கல்லறை இடத்தையே விற்றார். 1663இல் ஹெந்த்ரிக்கியே, 1668இல் டைட்டஸ். 1669 அக்டோபரில் அவரும் போனார்; வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் அடையாளமில்லாத வாடகைக் கல்லறை.

‘யூத மணப்பெண்’ வரையப்பட்டது இந்தக் கடைசி நாலைந்து வருஷத்தில். துயரம்தான் அந்த ஓவியத்தை வரைந்தது என்று முடிச்சுப் போட்டுவிடக் கை பரபரக்கும். சுற்றுலா வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்பவர் கண்ணும் கலங்கும். ஆனால் அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாமில் குழந்தைகளையும் மனைவியையும் பறிகொடுத்தவர்கள், திவாலானவர்கள் ஏராளம். அவர்களில் யாரும் அந்தக் கைச்சட்டையை வரையவில்லை. வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொண்டு கலங்குவது ஒன்று, அந்த விரல்நுனிகளைப் பார்த்துக் கலங்குவது வேறு. முதலாவதற்கு மியூசியத்துக்குப் போக வேண்டியதில்லை, புத்தகம் போதும்.

‘யூத மணப்பெண்’ இருக்கும் அதே நீண்ட கூடத்தின் கோடியில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ தொங்குகிறது. கூட்டம் முழுக்க அங்கேதான். 1642இல் கேப்டன் ஃபிரான்ஸ் பானிங்க் கோக்கின் நகரக் காவல் படைக்காக வரைந்தது. கிட்டத்தட்ட 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். முதலில் இதைவிடப் பெரியது. 1715இல் நகர மன்றக் கட்டடத்துக்கு மாற்றியபோது சுவரில் கொள்ளவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடது பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் போயிற்று. வெட்டிய துண்டுகள் கிடைக்கவேயில்லை. இரண்டாம் உலகப் போரில் சுருட்டி மாஸ்ட்ரிக்ட் அருகே குகையில் ஒளித்துவைத்தார்கள். 1911இலும் 1975இலும் கத்தி வீச்சு, 1990இல் அமிலம். இத்தனைக்கும் பிறகு 2019இல் ஓவியத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, பார்வையாளர் கண் முன்னாலேயே ஆய்வும் பழுதுபார்ப்பும் தொடங்கின. உள்ளே வல்லுநர்கள் அங்குலம் அங்குலமாகப் படமெடுப்பதை வெளியே சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எந்த மியூசியமும் செய்ய வேண்டிய காரியம் இது. ஓவியம் சாயமும் துணியுமாக முதுமை அடைகிற ஒரு பொருள், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதை எந்தக் குறிப்புச் சீட்டையும்விட அந்தக் கண்ணாடி அறை நன்றாகச் சொன்னது.

அந்த வேலையின் பலனாக 2022இல் 717 ஜிகாபிக்சல் கொண்ட ‘இரவுக் காவல்’ படம் இணையத்தில் வந்தது. தஞ்சாவூரில் இருக்கும் ஓவியக் கல்லூரி மாணவர் போனிலேயே கேப்டனின் கண்ணுக்குள் இருக்கும் வெடிப்பைக் காணலாம். மியூசியத்தின் பெரும்பாலான ஓவியங்களைக் காசில்லாமல் உயர்தரத்தில் தரவிறக்கியும் கொள்ளலாம். பிறகு எதற்கு ஆம்ஸ்டர்டாம்வரை? கேள்வி நியாயமானது. திரையில் கிடைப்பது தகவல், அதுவும் நேரில் கிடைக்காத அளவுக்கு. கிடைக்காதவை இரண்டு. ஒன்று அளவு. போனில் மோனாலிசாவும் ‘இரவுக் காவ’லும் ஒரே அளவு, நேரில் கேப்டன் நீட்டிய கை பார்ப்பவரின் தலைக்கு மேல் வருகிறது. இன்னொன்று அந்த மேடு. திரையில் வெளிச்சம் படத்துக்குப் பின்னால் இருந்து வருகிறது. ‘யூத மணப்பெண்’ கைச்சட்டைக்கு வெளிச்சம் முன்னால் இருந்து, பக்கவாட்டில் இருந்து வந்து பட்டாக வேண்டும். பார்ப்பவர் நகர நகர அது மாற வேண்டும். அச்சுப் படத்தைப் பார்த்து ரெம்பிராண்ட் பழுப்பாகத் தெரிகிறார் என்று அலுத்துக்கொண்டவர்கள் நேரில் வாயடைத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

மெய்மறந்து நிற்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. அந்த அறையில் பளபளக்கும் பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடுவது. ‘யூத மணப்பெண்’ணை 1854இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு எழுதிவைத்தவர் ஆட்ரியான் வான் டெர் ஹோப், ஹோப் அண்ட் கோ வங்கியின் பங்குதாரர். அந்த வங்கி முந்தைய நூற்றாண்டில் அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்களுக்குப் பணம் புரட்டிக் கொடுத்தது. அதன் இன்றைய வாரிசான ஏபிஎன் ஆம்ரோ வங்கி 2022இல் மன்னிப்பு கேட்டது. 2016இல் பிரான்சும் நெதர்லாந்தும் சேர்ந்து 16 கோடி யூரோவுக்கு வாங்கிய, ரெம்பிராண்ட் வரைந்த மார்ட்டன், ஓப்யென் தம்பதியின் முழு உருவப் படங்களும் அப்படித்தான். மார்ட்டன் குடும்பத்தின் சர்க்கரை ஆலைக்கு மூலப்பொருள் வந்தது பிரேசிலின் அடிமைத் தோட்டங்களில் இருந்து. ரெய்க்ஸ் மியூசியம் 2021இல் அடிமை முறை பற்றி நடத்திய கண்காட்சியில் ஓப்யெனின் படத்தையும் வைத்தது. அவர் உடையின் சரிகைப் பின்னலை ரெம்பிராண்ட் எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார் என்று பேசிய அதே சீட்டில் அந்தச் சர்க்கரையைப் பற்றியும் பேச முடிந்தது; ஓவியத்தின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாமில் செல்வாக்காக இருந்த காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையகம் பழவேற்காடு. அங்கிருந்து சாயத் துணியும் போயிற்று, பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் ஆயிரக்கணக்கில் பட்டாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் போனார்கள். அதே கம்பெனி கப்பல்கள் கொண்டுவந்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் வரைந்த கோட்டோவியங்கள் இருபதுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. அவர் பயன்படுத்தியது ஜப்பானியத் தாள். அதுவும் கம்பெனி சரக்கு. ஊரைவிட்டு வெளிநாடு போகாத ஓவியர், ஷாஜகானின் தலைப்பாகைக் கட்டை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். 1765இல் கண்டி அரண்மனையில் கம்பெனிப் படை கொள்ளையடித்த வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த பீரங்கி நெடுங்காலம் ரெய்க்ஸ் மியூசியத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் அதையும் சேர்த்து ஆறு பொருட்கள் இலங்கைக்குத் திரும்பின. உரியவரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, இருப்பதை எல்லோரும் நிதானமாகப் பார்க்க வழிசெய்வது ஒரு மியூசியத்தின் வேலை. இதில் முதல் பாதி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இரண்டாம் பாதிக்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2015இல் ரெம்பிராண்டின் கடைசிக் கால ஓவியங்களை ஒன்றுசேர்த்து ரெய்க்ஸ் மியூசியம் பெரிய கண்காட்சி நடத்தியது. சாகும் தறுவாயில் இருப்பவர்களின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றும் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம், மூன்று நோயாளிகளை ஆம்புலன்ஸில் அழைத்துவந்தது. பூட்டிய பிறகு, கூட்டம் இல்லாத நேரத்தில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஒரு பெண் ரெம்பிராண்டின் சுய உருவப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. படத்தைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்தார்கள். அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த அறை காலியாக இருந்தது என்பது. அவசரமில்லாமல் ஓர் ஓவியத்தைப் பார்க்க ஆம்புலன்ஸில்தான் வர வேண்டும் என்று இருக்கக் கூடாது.

அதே ஆண்டு அக்டோபரில் மியூசியம் இன்னொரு காரியம் செய்தது. கேமராவையும் போனையும் பைக்குள் வையுங்கள், வரையுங்கள் என்று சொல்லிப் பார்வையாளர்களுக்குச் சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தது. போட்டோ எடுக்கத் தடை போடவில்லை; தடை போட்டு யாரையும் பார்க்க வைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரைகிறவர் ஒரு கையின் ஐந்து விரலும் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நன்றாக வரைய வராது, பரவாயில்லை. 27 நொடி எப்படியும் இருபது நிமிடமாகிவிடும்.

கட்டணமும் இதில் ஒரு முக்கியமான விஷயம். ஒரு முறை வருவதற்குப் பெரிய தொகை கட்டியவர், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கத்தான் நினைப்பார். நெதர்லாந்தில் வசிப்பவர்கள் ஓர் ஆண்டுச் சந்தா அட்டை வாங்கி நானூறுக்கும் மேற்பட்ட மியூசியங்களுக்குள் விருப்பம்போல் போய்வருகிறார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரே ஒரு ஓவியத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். லண்டன் நேஷனல் கேலரியில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசே கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு வாய்த்திருக்கும் இந்த நிதானம் அவர்களுடைய பிறவிக் குணம் அல்ல. அட்டையும் இலவச அனுமதியும் தந்தது.

அந்த நேஷனல் கேலரியில்தான், வேறு வழியில்லாமல், இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து அதன் ஓவியங்கள் எல்லாம் வேல்ஸில் ஒரு கல் சுரங்கத்துக்குப் போய்விட்டன. சுவர்கள் வெறுமை. 1942 ஜனவரியில் டைம்ஸ் பத்திரிகைக்கு வந்த ஒரு வாசகர் கடிதம், நகரமே சிதைந்து கிடக்கும் இந்த நேரத்தில்தான் அழகானதைப் பார்ப்பது அவசியம் என்றும், கேலரி புதிதாக வாங்கியிருந்த ரெம்பிராண்டின் ஒரு கிழவியின் உருவப்படத்தையாவது மக்கள் பார்க்க வைக்க வேண்டும் என்றும் கேட்டது. அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு மாதம் ஒரு ஓவியம் என்று வழக்கமாயிற்று: சுரங்கத்தில் இருந்து ஒன்று வரும், பகலில் காட்சிக்கு, இரவில் நிலவறைக்கு. காலியான கட்டடத்தில் தொங்கிய அந்த ஒரே படத்தைப் பார்க்க வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். வேறு எதையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. போர் முடிந்து ஓவியங்கள் திரும்பிய பிறகும் இந்த வழக்கத்தை ஏதாவது ஓர் அறையிலாவது எல்லாப் பெரிய மியூசியங்களும் வைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அதற்கு நெருக்கமான ஒன்றை நெதர்லாந்து செய்தது. 2022இல் அது 17.5 கோடி யூரோ கொடுத்து ரெம்பிராண்டின் ‘கொடி ஏந்துபவர்’ ஓவியத்தை வாங்கியது. பெரும்பகுதி அரசுப் பணம். 1636இல் அவர் தன்னையே கொடி பிடித்த படைவீரனாக, இடுப்பில் கைவைத்தபடி மீசையோடு வரைந்துகொண்ட படம். இவ்வளவு பணம் தேவையா என்று அங்கே முணுமுணுப்பு எழாமல் இல்லை. வாங்கிய படத்தை நேராகத் தலைநகரில் மாட்டிவிடாமல் நாட்டின் 12 மாகாணங்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார்கள். ரெய்க்ஸ் மியூசியத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ரெம்பிராண்ட்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது, போன ஊர்களில் எல்லாம் தனி ஒருவராக நின்றது. பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் சுற்றிவிட்டுத்தான் அது ஆம்ஸ்டர்டாமில் தன் இடத்துக்கு வந்தது.